அப்பலாச்சிய மலைகளின் அதிவேகத் தந்திகள்: புளூகிராஸ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் பல நூறு ஆண்டுகளாக ஒலித்துவரும் ஆதிகால இசை என்று புளூகிராஸை யாராவது அறிமுகப்படுத்தினால் நம்பிவிடாதீர்கள். இந்த இசை பிறந்த மாதம் தெரியும், பிறந்த மேடை தெரியும், பெற்றவர்களின் பெயரும் தெரியும்! 1945 டிசம்பர். டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரம். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற சனிக்கிழமை இரவு வானொலி மேடை. மாண்டலின் கலைஞர் பில் மன்ரோவின் குழுவில், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயது இளைஞர் தன் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர் அவர். அந்த விரல்களிலிருந்து கொட்டிய ஸ்வரங்களை அதுவரை அந்த மேடை கேட்டதே இல்லை. இந்திய விடுதலைக்கு இரண்டு வருடம்கூட மூப்பில்லாத ஓர் இசை, கேட்பவர்கள் காதில் காலங்காலமாக இருந்துவந்ததுபோல் ஒலிக்கிறது. எனக்குப் புளூகிராஸில் முதல் அதிசயம் இதுதான்.

அந்தக் குழுவின் புகழ்பெற்ற வடிவத்தில் ஐந்து பேர். மன்ரோவின் மாண்டலின், லெஸ்டர் ஃபிளாட்டின் கிடார், ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ, சப்பி வைஸின் பிடில், ஹோவர்ட் வாட்ஸ் நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர பாஸ். டிரம்ஸ் கிடையாது! மின்சாரத்தில் ஓடும் கருவி ஒன்றுகூடக் கிடையாது! அப்படியென்றால் அந்தக் குதிரைப்பாய்ச்சல் தாளம் எங்கிருந்து வருகிறது? கூர்ந்து கேட்டால் பிடிபடும். பாஸ்காரர் ஒன்றாவது தட்டிலும் மூன்றாவது தட்டிலும் ஆழமாக ஒரு ஸ்வரம் வைப்பார். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின்காரர் எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் அடித்து, அடித்த கணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அமுக்கிவிடுவார். 'சக்' என்று வறண்ட ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். தந்திக் கருவியே தோல்கருவியாகிவிடுகிறது! இந்தச் 'சக்'கை ஒருமுறை காது பிடித்துவிட்டால் பிறகு எந்தப் புளூகிராஸ் பாட்டிலும் அதைத் தவறவிட மாட்டீர்கள்.

சரி, மன்ரோ ஏன் மாண்டலினை எடுத்தார்? விரும்பி எடுக்கவில்லை! 1911இல் கென்டக்கி மாநிலத்து ரோசைன் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். கண் மாறுகண், பார்வையும் மங்கல். அண்ணன் பர்ச் பிடிலை எடுத்துக்கொண்டார், அண்ணன் சார்லி கிடாரை எடுத்துக்கொண்டார். யாரும் விரும்பாத மாண்டலின் தம்பிக்குத் தள்ளப்பட்டது. அதிலும் எட்டுத் தந்திகளில் நான்கை மட்டுமே கட்டிக்கொள்ள வேண்டும், சத்தம் அதிகமாகிவிடக் கூடாது என்று அண்ணன்மார் உத்தரவு போட்டதாக அந்தக் குடும்பத்துக் கதை சொல்கிறது. அப்படி அடக்கி வைக்கப்பட்ட பிள்ளைதான் பின்னாளில் மாண்டலினை முன்வரிசைக் கருவியாக்கி ஒரு புது இசையையே எழுப்பினார்.

பத்து வயதில் தாயை இழந்தார், பதினாறில் தகப்பனை இழந்தார். தாய்மாமன் பென் வாண்டிவர் தன் மரக்குடிலில் சேர்த்துக்கொண்டார். மாமா ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். மருமகன் கூடவே போய் கிடாரில் துணை வாசித்தார். மாமாவின் மெட்டுகள்தான் மன்ரோவின் முதல் பாடசாலை. அந்த மாமாவின் பெயரிலேயே அவர் பின்னாளில் கட்டிய பாட்டு இன்றும் புளூகிராஸ் மேடைகளில் ஒலிக்கிறது.

ஆனால் இன்னோர் ஆசிரியரும் இருந்தார். அவர் பெயரைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆர்னல்டு ஷுல்ட்ஸ்! நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த கறுப்பினக் கலைஞர், கிடாரிலும் பிடிலிலும் மன்னன். மன்ரோ முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு வாசித்தது இவரோடு சேர்ந்து நடனத்துக்கு வாசித்தபோதுதான். மன்ரோவின் இசையில் புளூஸின் அழுகை வந்து கலந்ததற்கு ஷுல்ட்ஸ் பெரிய காரணம், அதை மன்ரோவே சொல்லியிருக்கிறார். 1931இல், புளூகிராஸ் பிறப்பதற்கு முன்பே, ஷுல்ட்ஸ் மறைந்துவிட்டார். அவர் வாசிப்பில் ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. அந்தக் கைகளின் ஒலி நமக்கு மன்ரோவின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பெயருக்குக் காரணமான புல்லின் கதையும் கேட்கத் தகுந்தது. கென்டக்கிக்குப் புளூகிராஸ் மாநிலம் என்று செல்லப்பெயர். அதை வைத்தே மன்ரோ தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயரிட்டார். ஆனால் அந்தப் புல் அமெரிக்க மண்ணுக்கே சொந்தமில்லை, ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு வந்தது! மன்ரோவின் ரோசைன் ஊரோ அந்தப் புல்வெளிப் பகுதியிலேயே இல்லை, மாநிலத்தின் மேற்கே ஒதுங்கிக் கிடக்கிறது.

'பாய்ஸ்' என்ற பெயரைப் பார்த்து அது ஆண்கள் மட்டும் இருந்த குழு என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்க்ரக்ஸ் வந்து சேர்வதற்கு முன்பே, 1943 முதல், அந்தக் குழுவில் சாலி ஆன் ஃபாரெஸ்டர் என்ற பெண் இருந்தார். அவர் வாசித்தது என்ன கருவி தெரியுமா? அக்கார்டியன்! புளூகிராஸ் என்றால் ஐந்தே கருவிகள்தான், ஆறாவது நுழையக் கூடாது என்று கறாராகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணம் வகுத்தவரே தன் குழுவில் துருத்தியை வைத்து 1945இல் பதிவும் செய்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டலாம்.

இப்போது பாஞ்சோவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

ஸ்க்ரக்ஸ் வட கரோலினாவின் ஃபிளின்ட் ஹில் பகுதிக்காரர். நான்கு வயதில் தந்தை போய்விட்டார். பத்து வயதில் ஒருநாள் அண்ணனோடு சண்டை. கோபத்தோடு அறைக்குள் போய்ப் பாஞ்சோவைக் கையில் எடுத்தவர், தன்னை மறந்து வாசித்துக்கொண்டிருந்தபோது திடுக்கிட்டு விரல்களைப் பார்த்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மாறி மாறித் தானாகவே ஓடிக்கொண்டிருந்தன! அவர் பகுதியில் மூன்று விரலால் வாசிப்பவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் அதை இடைவெளியே இல்லாத ஓடையாக்கியவர் இவர்தான். மூன்று விரல் சுழன்றால் மூன்று மூன்றாகத்தானே ஸ்வரம் விழும்? பாட்டின் தாளமோ எட்டு. அப்போது என்ன ஆகும்? மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துக்கொள்ளும். நம் ஆட்கள் காதுக்கு இது புதிதே இல்லை. தகிட தகிட தக! ஸ்க்ரக்ஸின் பாஞ்சோவில் ஓடும் அடிப்படைச் சுழற்சிகளில் ஒன்றுக்கு நீங்கள் கையில் தாளம் போட்டுக்கொண்டே கூடப் போகலாம். நான் புளூகிராஸைக் கேட்கும்போதெல்லாம் முழங்காலில் விரல் தானாகத் தட்டத் தொடங்குவது இந்தக் கணக்கினால்தான்.

பாஞ்சோவை உற்றுப் பார்த்தால் ஐந்தாவது தந்தி மட்டும் பாதிக் கழுத்திலேயே தொடங்கும். குட்டைத் தந்தி. அதன் முடுக்காணியும் கழுத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இடக்கை விரல் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பாட்டு எங்கே போனாலும் அது ஒரே ஸ்வரத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும், தம்பூராவின் சுருதியைப் போல. பாஞ்சோவின் வேகத்துக்கு அடியில் ஓர் அசையாத தரை இருக்கிறது என்பது இந்தக் குட்டைத் தந்தியால்தான்.

அந்தக் குட்டைத் தந்தி எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து! செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் 'அகோன்டிங்' என்ற கருவியைப் பாருங்கள். சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்தி, நீளக் கம்பில் மூன்று தந்திகள் கட்டி, அதில் ஒன்றைக் குட்டையாக வைத்திருப்பார்கள். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட மக்கள், கையில் ஒன்றுமில்லாமல் இறங்கிய கரையில், நினைவிலிருந்தே இத்தகைய கருவிகளை மறுபடி செய்துகொண்டார்கள். பிற்பாடு 19ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரக் கேளிக்கைக் குழுக்கள் அந்த மக்களைக் கேலி செய்யவே அதை மேடையில் ஏற்றின. காலப்போக்கில் பாஞ்சோ என்றாலே வெள்ளை மலைவாசியின் சொத்து என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இசை வரலாற்றில் இவ்வளவு பெரிய மறதி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அது கலையத் தொடங்கியிருக்கிறது. பாஞ்சோ மேதை பேலா ஃபிளெக் 2005இல் உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று தன் பாஞ்சோவைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் தாய்மண்ணைத் தேடிப் போனார். கறுப்பினக் கலைஞர் ரியானன் கிடன்ஸ் இந்த வரலாற்றைச் சொல்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். 2024இல் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' உலகமெல்லாம் ஒலித்ததே, அதன் தொடக்கத்தில் கேட்கும் பாஞ்சோ அவருடையதுதான்!

ஸ்க்ரக்ஸும் ஃபிளாட்டும் 1948இல் மன்ரோவை விட்டு விலகித் தனிக்குழு தொடங்கினார்கள். அடுத்த வருட டிசம்பரில் சின்சினாட்டி நகரில் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' என்ற பாடலில்லாத வாத்திய உருப்படியைப் பதிவு செய்தார்கள். இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் அடங்கும் அந்த இசைத்தட்டுதான் இன்றுவரை பாஞ்சோக்காரர்கள் எல்லோரும் ஏறிப் பார்க்கும் மலை. 1967இல் 'பானி அண்ட் கிளைட்' படத்தில் கார் துரத்தும் காட்சிகளில் அதை வைத்தார்கள், உலகமே கேட்டது. இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? அந்தப் படம் 1930களில் நடக்கிறது. உண்மையான பானியும் கிளைடும் சுட்டுக்கொல்லப்பட்டது 1934இல். அவர்கள் காலத்தில் அப்படியொரு பாஞ்சோ வாசிப்பே இல்லை! ஆனாலும் படம் பார்த்தவர்களுக்கு அது அந்தக் காலத்து ஒலியாகவே பட்டது. முதலில் சொன்னேனே, அந்த அதிசயம்தான்.

சினிமாவில் இன்னொரு மாயமும் நடந்தது. 1972இல் வந்த 'டெலிவரன்ஸ்' படத்தின் 'டூயலிங் பாஞ்சோஸ்' காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. பெயர் என்னவோ பாஞ்சோக்களின் போட்டி. ஆனால் காட்சியில் இருப்பது ஒரு பாஞ்சோ, ஒரு கிடார்! பாஞ்சோ வாசிப்பதாகக் காட்டப்படும் சிறுவனுக்கு வாசிக்கத் தெரியாது. பின்னால் மறைந்து உட்கார்ந்த இன்னொருவரின் கைதான் சட்டைக்கை வழியாக வந்து தந்திகளைத் தொடுகிறது. ஒலியோ எரிக் வைஸ்பெர்க், ஸ்டீவ் மாண்டெல் இருவரும் தனியே பதிவு செய்தது. மெட்டோ ஆர்தர் ஸ்மித் என்பவர் 1950களில் இரண்டு பாஞ்சோவுக்காகக் கட்டியது. தன்னைக் கேட்காமல் எடுத்தாண்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டு வென்றார். அந்த மெட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனால் மலைவாழ் மக்களை அச்சுறுத்தும் விசித்திரப் பிறவிகளாக அந்தப் படம் காட்டியதை ஏற்கவே மாட்டேன். பாஞ்சோச் சத்தம் கேட்டாலே சிலர் ஏளனமாகச் சிரிப்பதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

மன்ரோவின் மாண்டலின் கதையைக் கேளுங்கள், அதுவே ஒரு நாவல்! கிப்சன் கம்பெனியின் எஃப்-5 வகை மாண்டலின் அது. லாய்டு லோர் என்ற ஒலியியல் நிபுணர் 1923 ஜூலை 9ஆம் தேதி கையெழுத்திட்டு அனுப்பியது. வயலினில் இருப்பதைப் போன்ற வளைந்த ஒலித்துளைகளை மாண்டலினில் வைத்தவர் லோர். மேற்கத்திய சங்கீதம் வாசிக்கும் மாண்டலின் குழுக்களை மனத்தில் வைத்துத்தான் அதைச் செய்தார். ஆனால் அந்த மோகம் அப்போது வடிந்துகொண்டிருந்தது. 1924இல் லோர் கம்பெனியை விட்டே போய்விட்டார். இருபது வருடம் கழித்து, ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடைக் கண்ணாடி வழியே அதில் ஒன்றைப் பார்த்த மன்ரோ 150 டாலர் கொடுத்து வாங்கினார். லோர் 1943இல் காலமாகிவிட்டார். தன் மாண்டலின் என்ன இசைக்காகப் பிறந்தது என்பதை அவர் அறியவே இல்லை! இன்று லோர் கையெழுத்திட்ட மாண்டலின்கள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகின்றன.

பழுதுபார்க்கக் கொடுத்த மாண்டலின் சொன்னபடி சரியாகித் திரும்பவில்லை என்ற கோபத்தில் மன்ரோ அதன் தலைப்பகுதியிலிருந்த கம்பெனிப் பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். பல வருடம் அந்தத் தழும்போடுதான் அது மேடையேறியது. 1985இல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து, கணப்படுப்பைக் கிளறும் இரும்புக்கம்பியால் அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிம்புகள்! சார்லி டெரிங்டன் என்ற கிப்சன் கைவினைஞர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையுமாக உட்கார்ந்து, சிம்பு சிம்பாகப் பொருத்தி, மாதக்கணக்கில் உழைத்து மன்ரோவிடம் திருப்பிக் கொடுத்தார். மறுபடி அது பாடியது! இப்போது நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தாலியில் பிறந்த இந்தக் கருவி கென்டக்கியில் மன்ரோ கையில் ஒன்றாகவும், சென்னையில் யு. ஸ்ரீநிவாஸ் கையில் வேறொன்றாகவும் ஆனது. இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தந்தியை வெட்டுகிறார், மற்றவர் தந்தியை இழைக்கிறார். இரண்டும் மாண்டலின்தானா என்று காது சந்தேகப்படும்.

ஒரு குழுவின் பாணி எப்போது ஓர் இசை வகை ஆகிறது? இன்னொருவர் அதைப் பார்த்து வாசிக்கும்போது! 'மோலி அண்ட் டென்புரூக்ஸ்' என்ற குதிரைப் பந்தயப் பாட்டை மன்ரோ 1947இல் பதிவு செய்து வைத்திருந்தார். தட்டு வெளிவரவில்லை. அதற்குள், அவரை வானொலியில் கேட்டே பாடம் பண்ணிய ஸ்டான்லி பிரதர்ஸ் என்ற வர்ஜீனியா சகோதரர்கள் 1948இல் அதே பாட்டை அச்சு அசலாக அதே பாணியில் வெளியிட்டுவிட்டார்கள். மன்ரோவுக்கு ஆத்திரம்! அந்தச் சகோதரர்களைத் தன் இசைத்தட்டுக் கம்பெனியே ஒப்பந்தம் செய்தபோது கம்பெனியை விட்டே வெளியேறினார். ஆனால் புளூகிராஸ் ஓர் இசை வகையாகப் பிறந்தது அந்த நகலால்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தப் பந்தயமும் கற்பனையில்லை. 1878 ஜூலை 4 அன்று லூயிவில் நகரில் டென் புரோக், மோலி மெக்கார்ட்டி என்ற இரண்டு குதிரைகள் உண்மையாகவே ஓடின.

கோபக்காரர் மன்ரோ. தன்னை விட்டுப் போன ஃபிளாட்டோடு இருபது வருடத்துக்கும் மேல் பேசவே இல்லை. 1971இல் இந்தியானா மாநிலத்து பீன் பிளாசம் திருவிழாவில்தான் இருவரும் ஒரே மேடையில் கைகுலுக்கினார்கள். ஆனால் எல்விஸ் பிரெஸ்லி விஷயத்தில் அதே மனிதர் வேறு முகம் காட்டினார். மன்ரோ 1946இல் மூன்று தட்டு வால்ட்ஸ் நடையில் பதிவு செய்த 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை, 1954இல் தன் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் எல்விஸ் துள்ளல் நடைக்கு மாற்றிப் பாடினார். பிறகு நேரில் பார்த்து மன்னிப்பும் கேட்டார். மன்ரோ கோபிக்கவில்லை. அதே வருடம் தானும் மறுபடி பதிவு செய்தார். எப்படித் தெரியுமா? முதல் பாதி பழைய வால்ட்ஸ், இரண்டாம் பாதி எல்விஸின் வேகம்! ஒரு பாட்டுக்குள் இரண்டு காலத்தையும் உட்கார வைத்தாரே, அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

இவ்வளவு நேரம் வேகத்தைப் பற்றியே பேசிவிட்டேன். என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: புளூகிராஸின் உயிர் வேகத்தில் இல்லை, குரலில் இருக்கிறது. ஒருவர் பாட்டைப் பாட, அவருக்கு மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல். மேலே போகும் அந்தக் குரல் தொண்டையின் எல்லைவரை ஏறி, உடைந்துவிடுமோ என்று நம்மைப் பதற வைக்கும். சோகமான சொற்களை இழுத்து அழாமல், நிமிர்ந்து நின்று பாடுவார்கள். துள்ளும் பாஞ்சோவுக்கு மேலே சாவும் பிரிவும் விட்டு வந்த வீடும்! அந்த முரண்தான் என்னைக் கட்டிப்போட்டது.

இந்தச் சோகம் வரவழைத்துக்கொண்டதில்லை. மலைகளில் வேலையில்லாமல் டெட்ராய்ட், டேட்டன், பால்டிமோர் என்று தொழிற்சாலை நகரங்களுக்குக் குடிபெயர்ந்த லட்சக்கணக்கானவர்கள்தான் இதன் முதல் ரசிகர்கள். ஹேசல் டிக்கென்ஸ் அப்படிப் போனவர். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பால்டிமோரில் ஆலை வேலை பார்த்து, ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965இல் இசைத்தட்டு வெளியிட்டார். பெண்கள் பின்வரிசையில் நின்ற காலத்தில், இரண்டு பெண்கள் முன்வரிசையில் நின்று பாடிய தட்டு அது! நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து அவருடைய சகோதரர் இறந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய 'பிளாக் லங்' பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடினார். அழகுபடுத்தாத, கரகரத்த, நேரான குரல். எனக்குப் புளூகிராஸில் ஒரே ஒரு குரல்தான் என்றால் ஹேசலைத்தான் கேட்பேன்.

ஸ்டான்லி சகோதரர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டான்லியையும் சொல்லாமல் விட முடியாது. 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' படத்துக்காக 'ஓ டெத்' பாட்டைத் தனிக்குரலில் பாடினார். ஒரு தந்தி ஒலிக்காது, தாளம் கிடையாது. வாத்தியமில்லாமல் பாடும் மலைநாட்டுத் தேவாலயங்களில் வளர்ந்த குரல். அந்தப் பாட்டுக்காக 2002இல் கிராமி விருது வாங்கியபோது அவருக்கு வயது 75! வானொலிகள் பெரிதாகச் சீந்தாத அந்தப் படத்தின் இசைத்தொகுப்பு பல லட்சம் விற்று, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் தட்டிச் சென்றது. படத்தில் ஜார்ஜ் குளூனி வாயசைத்த பாட்டைப் பாடியவர் டான் டைமின்ஸ்கி.

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது! டென்னஸியின் மாநிலப் பாடல்களில் ஒன்றான 'ராக்கி டாப்' 1967இல் பத்தே நிமிடத்தில் எழுதப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் அமெரிக்க செனட்டர் ராபர்ட் பேர்டு பதவியில் இருந்தபடியே 1978இல் பிடில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். மன்ரோ தன் குழுவோடு பேஸ்பால் அணியும் வைத்திருந்தார், போன ஊரில் உள்ளூர் அணியோடு ஆடிவிட்டுக் கச்சேரி! கிடாரின் வயிற்றில் உலோகக் கூம்பு பதித்த 'டோப்ரோ' என்ற கருவியைச் செய்தவர்கள் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய டோப்யேரா சகோதரர்கள். மடியில் கிடத்தி இரும்புத்துண்டால் இழைத்து வாசிக்கும் முறையோ ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. அதே ஹவாய் முறைதான் இந்தியாவுக்கும் வந்து மோகன வீணைவரை வளர்ந்தது. பிடில் மெட்டு ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து, பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து, மாண்டலின் இத்தாலியிலிருந்து. இதைப் போய் 'தூய அமெரிக்க இசை' என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு!

2008இல் எடி ஆட்காக் என்ற மூத்த பாஞ்சோ கலைஞருக்குக் கை நடுக்கம். நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் மருத்துவமனையில் மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை. அவரை விழிப்பாகவே வைத்திருந்து, கையில் பாஞ்சோவைக் கொடுத்தார்கள். மண்டை திறந்திருக்க, அவர் படுத்தபடி வாசித்தார்! விரல் சீராக ஓடும் இடம் எது என்று பார்த்துப் பார்த்து மருத்துவர்கள் சரிசெய்தார்கள். அதன்பின் மறுபடி மேடையேறினார்.

எல்லையையும் இந்த இசை மதிக்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் 1964இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் ஐந்து தந்திப் பாஞ்சோவோடு கச்சேரி செய்தார். அதைப் பார்த்த மார்கோ செர்மாக் என்ற இளைஞர் புகைப்படங்களைப் பார்த்தே தானாக ஒரு பாஞ்சோவைச் செய்துகொண்டார். 1970களின் தொடக்கத்தில் அங்கே தொடங்கிய பாஞ்சோ திருவிழா ஐரோப்பாவிலேயே பழமையானது. ஜப்பானின் தகராசுகா புளூகிராஸ் திருவிழாவும் அதே காலத்தது. நம் பக்கமும் ஓர் உறவு உண்டு. பேலா ஃபிளெக்கின் பாஞ்சோ, ஜாகிர் உசேனின் தபலா, எட்கர் மேயரின் பாஸ், ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழல் சேர்ந்த 'ஆஸ் வீ ஸ்பீக்' ஆல்பம் 2024இல் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது.

இன்றைய தலைமுறையும் சளைத்ததில்லை. பதின்ம வயதிலேயே ஒப்பந்தமான அலிசன் கிராஸ் 27 கிராமி விருதுகள் வாங்கியிருக்கிறார். மாலி டட்டில் 2017இல் புளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிடார் கலைஞர் விருதை வென்ற முதல் பெண்மணி. பில்லி ஸ்ட்ரிங்ஸ் பெரிய உள்ளரங்குகளை நிரப்புகிறார். ஆனாலும் இந்த இசையின் சிறந்த இடம் மேடை என்று நான் நினைக்கவில்லை. 1965இல் வர்ஜீனியாவின் ஃபின்காசில் ஊரில், ஒரு குதிரைப் பண்ணையில் முதல் பலநாள் புளூகிராஸ் திருவிழா நடந்தது. இன்றுவரை இத்தகைய திருவிழாக்களில் கார் நிறுத்தும் இடத்திலும் கூடாரங்களுக்கு நடுவிலும் வட்டமாக நின்று ரசிகர்களே வாசிக்கிறார்கள். அறிமுகமே இல்லாத ஆறு பேர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, சுருதியைச் சொல்லித் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று தனியாக வாசிக்க இடம் தருவார்கள். தயங்கும் புதியவரைத் தலையசைத்து உள்ளே அழைப்பார்கள். ரசிகனும் கலைஞனும் இவ்வளவு பக்கத்தில் நிற்கும் இசை உலகில் அதிகமில்லை.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மன்ரோ, ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் சேர்ந்து வாசித்த 1946, 47 பதிவுகள். அடுத்து 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்', 1949 பதிவையே தேடிக் கேளுங்கள். பிறகு ஸ்டான்லி பிரதர்ஸ். அதன்பின் ஹேசலும் ஆலிஸும். கடைசியாக ஃபிளெக்கும் ஜாகிரும். எல்லாம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. முதல் முறை பாஞ்சோதான் காதை இழுக்கும், இழுக்கட்டும். இரண்டாம் முறை அந்த மாண்டலின் 'சக்'கை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை மேல்குரலை மட்டும் கேளுங்கள். இன்று இரவே தொடங்குங்கள்!